கொய்யா தப்பிய வருடம்

பிப்ரவரி 1, சனி

இந்த வருடம் கொய்யா தப்பித்தது. இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து பின்புறத்து மரத்தில் ஒரு பழுத்த பழம் நான் தின்றதில்லை. பிஞ்சு விட்ட உடனே மேலே காட்டிலிருந்து குரங்குப் பட்டாளம் இறங்கிவிடும். தின்றது போக, கடித்துப் போட்டதை என் மேலேயே எறியும். இந்த முறை மரம் முழுக்க மஞ்சளாகத் தொங்குகிறது. காலையில் ஒரு கூடை பறித்தேன். கடவுளுக்கு இப்போதுதான் என் மேல் கண் திறந்திருக்கிறது போல.

புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். வெள்ளேரி எஸ்டேட் மூன்று மாநிலமும் முட்டிக்கொள்கிற மூலையில் இருப்பதால் எந்தக் கூட்டம் என்றாலும் கிராம செவிலியர் யோகராணியை, அதாவது என்னை, கூப்பிட்டுவிடுவார்கள். பெரிய பேனர், மூன்று மொழியில் வரவேற்புரை, ஆறிப்போன சமோசா. விஷயம் குரங்குக் காய்ச்சல். காட்டில் குரங்கு செத்து விழுந்தால் அதன் உடம்பில் இருக்கிற உண்ணிகள் இறங்கி, அந்தப் பக்கம் போகிற மனுஷரைக் கடிக்கும். கடி வாங்கியவர்களுக்குக் காய்ச்சல், ரத்தக்கசிவு, சில பேருக்குச் சாவு. குரங்கு செத்தது உடனே தெரிந்தால் மனுஷரைக் காப்பாற்றலாம். அதனால் மூன்று மாநிலத்து ஆள்களும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் சொல்ல வேண்டும். நானும் போட்டேன்: 'குரங்குச் சாவு: இல்லை.'

மதியம் இவர் வந்து நின்றார். தலையில் ஒரு முடி இல்லை! சந்தனம் வேறு அப்பியிருந்தது.

"என்னங்க இது கோலம்?"

"வேண்டுதல்."

"எந்தச் சாமிக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எல்லாத்துக்கும் ஒங்கிட்ட கையெழுத்து வாங்கணுமா ராணி?" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். லோகநாதன் என்று பேர் வைத்தவர்கள் அழுத்தக்காரன் என்று வைத்திருக்கலாம். தேயிலை ஃபேக்டரியில் இவரோடு வேலை செய்கிற செல்லையாவும் மொட்டை. தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னும் இரண்டு மொட்டை பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பக்தி பொங்கிவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

கோழி எடுத்து வரச் சொன்னால் "வேணாம், விரதம்" என்கிறார். எத்தனை நாளைக்கு என்றால் பேப்பரைப் பிரித்துக்கொள்கிறார். சரி, சாம்பார் தின்னட்டும்.

துணி துவைத்தேன். இவர் சட்டையில் மஞ்சளும் செம்மண்ணும். மடிப்புக்குள் ஒரு உண்ணி, கடுகு அளவுதான். எந்த மாட்டுக்காரன் வீட்டில் போய் உட்கார்ந்தாரோ. நகத்தில் வைத்து நசுக்கிவிட்டுக் கையைக் கழுவினேன்.

பிப்ரவரி 5, புதன்

தடுப்பூசி நாள். பிள்ளைகள் அழுத அழுகையில் தலைவலி. கொய்யாவில் ஜாம் கிண்டினேன், அடி பிடித்துவிட்டது. காலையில் கூரைத் தகரத்தில் தடதடவென்று ஓடும் சத்தம் இல்லாமல் எழுந்திருக்கவே நேரமாகிவிடுகிறது. நிம்மதி என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் டீ போடும்போது இரண்டு தடவை ஏனோ மேலே நிமிர்ந்து பார்த்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் பாலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே பொன்னங்குழி சப்சென்டரில் என்னைப் போலவே செவிலியர், ஏலிக்குட்டி சேச்சி. கூட்டம், பேனர் எல்லாம் இப்போது வந்தது. நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பாலத்து டீக்கடையில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துக் காய்ச்சல்காரர்களையும் அந்தப் பக்கத்துக் காய்ச்சல்காரர்களையும் பேசிக்கொள்கிறோம். எங்கள் ஆள்கள் மிளகு பறிக்க அங்கே போவார்கள், அவர்கள் ஆள்கள் விறகுக்கு இங்கே வருவார்கள். காய்ச்சலும் கூடவே போய் வரும். எங்களுக்கு யார் உத்தரவு போட்டார்கள்? ஒருத்தரும் இல்லை.

ஒரு பை கொய்யா கொடுத்தேன். சேச்சி ஒன்றைக் கடித்து மென்றுகொண்டே, "இது எவிடத்தெ மோளே?" என்றாள்.

"நம்ம வீட்டு மரம்தான் சேச்சி."

"குரங்கு திங்கலையா?"

"இந்த வருஷம் வரவே இல்ல. நான் பொழச்சேன்."

மெல்லுகிறதை நிறுத்திவிட்டாள். மிச்சப் பழத்தைத் திண்டின் மேல் வைத்தாள். "ராணி, வரலைன்னா எங்க போச்சு?" என்றாள்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வீடு வீடாகப் போய் 'குரங்கு செத்தால் சொல்லுங்கள்' என்று தொண்டை கிழியக் கத்துகிற முண்டம் நான். என் வீட்டுக் கொய்யா பழுத்ததும் எனக்குச் சந்தோஷம் மட்டும்தான் வந்தது.

சேச்சி இன்னொன்றும் சொன்னாள். அவள் பக்கத்தில் நூலன் என்று ஒரு வயசாளி, துடி என்கிற சின்னப் பறை அடிக்கிறவர். காய்ச்சல், மூக்கில் ரத்தம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். சந்தேகத்தில் ரத்தம் அனுப்பியிருக்கிறாள். "முட்டி தேஞ்சு போன மனுஷன். காட்டுப் பக்கம் போயி வருஷமாச்சு. எவிட போயி உண்ணி கடிச்சதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான். அது தெரியணும் மோளே. அங்க வேற யாரெல்லாம் போறாங்களோ."

திரும்பி வந்தால் இவர் உடம்பு வலி என்று படுத்திருந்தார். மொட்டைத் தலையில் பனி பட்டால் வலிக்காதா?

பிப்ரவரி 8, சனி

லைன் முழுக்கச் சுற்றினேன். ஒருத்தரும் குரங்கைப் பார்க்கவில்லையாம். செல்லையாவின் மனைவி மாரிக்கண்ணு என் காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க நர்சம்மா குரங்கு? போன வருஷம் ஒண்ணு செத்தப்ப டயரப் போட்டு எரிச்சாங்களே ஒங்க ஆளுங்க. அப்புறம் அதுங்க ஏன் இந்தப் பக்கம் வருது?"

"அது நோய் பரவக்கூடாதுன்னு எரிச்சது மாரி."

"ஆஞ்சநேயரு நர்சம்மா அது. டயரப் போட்டா எரிப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டு வந்துவிட்டேன். காட்டோரம் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தேன். பறவைச் சத்தம் இருந்தது. கிளை ஒன்றுகூட ஆடவில்லை.

இவருக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. மாத்திரை கொடுத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கண் இரண்டும் சிவந்திருக்கிறது. சீயக்காய் பட்டிருக்கும் என்றேன். மொட்டைக்கு ஏது சீயக்காய் என்று இவரே சிரித்தார். ஊர் முழுக்கச் சளிக்காய்ச்சல் அடிக்கிறது, அதுதான். மிளகு ரசம் வைத்தேன், ஒரு வாய்தான் குடித்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

மூக்கில் ரத்தம். பனிக்காலத்தில் வறட்சியால் வருவதுதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நூலனுக்குக் குரங்குக் காய்ச்சல்தான் என்று வந்துவிட்டது. குழுவில் ஒரே பரபரப்பு. மூன்று மாநிலத்திலிருந்தும் கேள்வி: கண் சிவந்து, மூக்கில் ரத்தம் வருகிற காய்ச்சல் உங்கள் பக்கம் உண்டா? எல்லோரும் பதில் போட்டுவிட்டார்கள். நான் மத்தியானம்வரை போடவில்லை. வேலை இருந்தது. அப்புறம் 'இதுவரை இல்லை' என்று போட்டேன். ஊர்ஜிதம் ஆகாததை எப்படிப் போடுவது?

சேச்சி போன் பண்ணினாள். எடுக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

இவர் கையிலிருந்து நானே ரத்தம் எடுத்தேன். "என்ன சோதனை?" என்றார். "சும்மா டெங்குவுக்கு" என்றேன். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸுக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு அனுப்ப வேண்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது! காலையில் எழுந்து தானே வெந்நீர் போட்டுக் குளித்தார். மூன்று இட்லி. மாசி பிறந்தது, பீடை ஒழிந்தது. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது, பாடவும் செய்தேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

ரத்தத்தை அனுப்பவில்லை. நல்லாகிவிட்ட மனுஷருக்கு எதற்குச் சோதனை?

பிப்ரவரி 14, வெள்ளி

பாலத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று மெசேஜ் போட்டேன்.

சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இளைத்துப் போயிருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ராணி, நம்ம பெரியவரு போயிட்டாரு" என்றார்.

பெரியவர் என்றால் அந்தக் குரங்குக் கூட்டத்துக் கடுவன். நான் கரண்டியோடு விரட்டினால் எனக்கே பல்லைக் காட்டும். இவர் கையில் மட்டும் பொரி வாங்கித் தின்னும்.

எல்லாவற்றையும் சொன்னார். ஆற்றுக்கு இறங்குகிற வழியில், சில்வர் ஓக் மரத்தடியில் விழுந்து கிடந்ததாம். "ரெண்டு கையையும் நெஞ்சு மேல வெச்சுக்கிட்டு, மனுசன் மாதிரி கெடந்துச்சு ராணி. விட்டுட்டு வர மனசு வரல." இவர்தான் மடியில் தூக்கி வைத்துக் குளிப்பாட்டினாராம். மஞ்சள் பூசி, மாலை போட்டு, புது வேட்டியில் சுற்றிப் புதைத்தார்களாம். நாலு பேர் மொட்டை போட்டுக்கொண்டார்களாம். அந்தப் பக்கத்திலிருந்து நூலன் வந்து துடி அடித்தாராம். ஒருத்தருக்கும் சொல்வதில்லை என்று எல்லோரும் அந்த மண்ணைத் தொட்டு வாக்குக் கொடுத்தார்களாம். சொன்னால் தோண்டி எடுத்து டயர் போட்டு எரிப்பார்கள், கேஸும் போடுவார்கள்.

என் கையில் கருவாட்டு வாடை. எழுந்து கழுவக்கூடத் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கெழம பதினாறாம் நாள் காரியம்," என்றார். "லைன் மொத்தமும் வரும். அங்கயே பொங்க வெச்சுப் படைக்கிறோம். பொன்னங்குழியில இருந்தும் வர்றாங்க. நீ சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"அந்த எடத்துல எவ்வளவு உண்ணி இருக்கும் தெரியுமா? ஒங்களுக்கு வந்தது என்ன காய்ச்சல்னு..."

"எனக்குத்தான் நல்லாயிருச்சே. சத்தியம் பண்ணு ராணி."

என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். மொட்டையில் முடி முளைத்துச் சொரசொரவென்று இருந்தது. நான் சரி என்றேன்.

பிப்ரவரி 15, சனி

காலையில் சேச்சி போன். இந்தத் தடவை எடுத்தேன்.

"நூலன் போயி ராணி." "கடைசி வரைக்கும் கேட்டேன். எவிட போயின்னு கேட்டா, வாக்குக் கொடுத்துட்டேன்னு மாத்ரம் சொல்லிச்சு. யாருக்கு என்ன வாக்கு? மரிக்கறதுக்கு ஒரு வாக்கா?"

போனை வைத்துவிட்டேன். அடுப்பில் சோறு தீய்ந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்றேன். லைனில் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் பெண்பிள்ளைகள் வாழை இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இந்த மாதத் தடுப்பூசிக்கு என் கையில் அழுத பிள்ளைகள். நாளைக்கு இத்தனை பேரும் அந்தச் சருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுவார்கள்.

இவர் உள்ளே வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போய்ச் சேச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடம், ஆள், காரியம், இவர் காய்ச்சல், பெட்டியில் இருக்கிற ரத்தம், நான் போட்ட 'இல்லை'. எல்லாம். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மோளே, நீ அழாதே. தோண்டண்டா. இத்தன நாளு கழிஞ்சு தோண்டிட்டு ஒரு பிரயோசனமும் இல்ல. நமக்குத் தரை போதும்."

தரையில் வெள்ளைத் துணியை இழுத்தால் உண்ணி ஒட்டும். அதைப் பிடித்துச் சோதித்தால் போதும். துணியும் பழகின ஆள்களும் அவளிடம்தான் இருக்கிறார்கள். ஆனால் கேரளத்து ஆள் தமிழ்நாட்டு மண்ணில் துணி இழுக்க உத்தரவு வேண்டும். உத்தரவு வர வேண்டுமென்றால் காகிதம் இரண்டு தலைநகருக்கும் போய்த் திரும்ப வேண்டும். எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷர், பயந்த மனுஷர். "அவங்க துக்கத்துக்கு வர்ற மாதிரி வரட்டும் சிஸ்டர். காகிதத்த நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றார்.

இவருக்கு மதியம் அப்பளம் பொரித்துக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடிந்ததும் சேச்சி வந்துவிட்டாள். வெள்ளைப் புடவை, கையில் ஒரு மல்லிகை மாலை, பின்னால் முழங்கால் வரை பூட்ஸ் போட்ட இரண்டு ஆள்கள். எங்கள் டாக்டர் ஜீப்பில் காட்டு இலாகா காவலரோடு வந்தார். காவலர், தோண்டி எரிக்க வேண்டும், அதுதான் முறை என்றார். சேச்சி அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ பேசினாள். பாதி மலையாளம், பாதி தமிழ், முழுசும் அதட்டல். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

லைன் ஆள்கள் பானையும் விறகுமாக வந்து, மேல் பாதையிலேயே நின்றுவிட்டார்கள். சேச்சியின் ஆள்கள் புதைத்த மேட்டைத் தொடவில்லை. அதைச் சுற்றி வெள்ளைத் துணியைத் தரையில் மெல்ல இழுத்தார்கள். இழுத்து முடித்துத் திருப்பிக் காட்டினார்கள். ராகி கொட்டின மாதிரி இருந்தது. ராகி நகர்ந்தது. யாரோ ஒருத்தி "அய்யோ" என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சேச்சி மாலையைத் தூர நின்றே மேட்டின் மேல் எறிந்து, கும்பிட்டாள். சிலுவை போடுகிறவள் கும்பிட்டாள். "பொங்கல மேல் பாதையிலயே வைங்க. சாமி எங்க இருந்தாலும் தின்னும்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் கூட்டத்தில் முன்னால் நின்றார். என்னிடம் வந்தார்.

"நீ சொன்னியா?"

"ஆமா."

"தலையில கைய வெச்சுட்டு."

"ஆமாங்க."

திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். தனியாக மேலே நடந்து போய்விட்டார். நான் பெட்டியிலிருந்த ரத்தத்தைச் சேச்சியிடம் கொடுத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பேசவில்லை. முன்னறையில் பாய் போட்டுக்கொண்டார். சமைத்தால் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார்.

பிப்ரவரி 19, புதன்

லைனில் கதவு திறக்க மாட்டேன் என்கிறார்கள். கர்ப்பிணிகூட ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இரும்பு மாத்திரை வாங்கிக்கொள்கிறாள். மாரிக்கண்ணு நான் வருவதைப் பார்த்துவிட்டுக் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். போகட்டும். அவள் பிள்ளைகள் வாசலில் விளையாடுகின்றன, ஒன்றுக்கும் சுரம் இல்லை. போய்த் தொட்டுப் பார்க்க முடியாது, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

முடிவு வந்தது. உண்ணியில் கிருமி இருக்கிறது. இவர் ரத்தத்திலும். சேச்சி போனில் மெதுவாகச் சொன்னாள். "சில பேருக்கு ரெண்டாவது வட்டம் வரும் ராணி. நல்லா இருக்கற மாதிரி இருந்து, பின்ன தலைக்கு ஏறும். கைய பாத்துக்கோ. நடுக்கம் வந்தா ஒரு நிமிஷம் நிக்காதே, என்னை விளி." குழுவில் மூன்று பக்கமும் உண்ணி கடிக்காமல் பூசுகிற எண்ணெய் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மருந்து கிடையாது இதற்கு. எனக்குத் தெரியும். போஸ்டரை ஒட்டினவளே நான்தான்.

பிப்ரவரி 22, சனி

நாள் முழுக்க அவர் கையையே பார்க்கிறேன். டீ டம்ளர் எடுக்கிறபோது, சட்டைப் பொத்தான் போடுகிறபோது, பீடி பற்ற வைக்கிறபோது. நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்கிறேன் என்று அவருக்கும் தெரியும், முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார்.

காலையில் கூரைத் தகரத்தில் தடதடவென்று ஓடுகிற சத்தம். எனக்குச் சந்தோஷத்தில் வாய் குளறியது. திரும்பி வந்துவிட்டன! ஓடிப்போய்ப் பார்த்தேன். கூரையில் ஒன்றும் இல்லை. மரத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே வந்தால் இவர் பாயில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கும் கேட்டுச்சா?" என்றேன்.

கேட்டிருக்கிறது, முகத்தில் தெரிந்தது. அவர் கொஞ்சம் பொரியை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் தூவினார். சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

டம்ளர் கீழே விழுந்தது. அவர் எடுக்கப் போனார், கை தரையில் தாளம் போட்டது. உடம்பு அனல். கழுத்தை மடக்க முடியவில்லை.

சேச்சியைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்து ஜீப் பாலம் வரை. அந்தப் பக்கத்து ஆம்புலன்ஸ் பாலம் வரை. செக்போஸ்ட்டில் தடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு போலீஸ்காரர் நின்றார், ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். நடுப்பாலத்தில் ஸ்ட்ரெச்சரை மாற்றினார்கள். செல்லையா எங்கிருந்தோ ஓடி வந்து ஒரு முனையைப் பிடித்தான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை, பிடித்தான்.

பிப்ரவரி 26, புதன்

மெடிக்கல் காலேஜ். மலைக்குக் கீழே, புழுக்கம். நான் நீலச் சேலையில் இருக்கிறேன், எங்கள் யூனிஃபார்ம், மாற்ற வேறு இல்லை.

மதியம் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் பேசினார்.

"நர்சம்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நர்சம்மா, எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. ராணின்னு பேரு. அவளும் ஒங்கள மாதிரிதான், நர்சு."

"சொல்லுங்க" என்றேன்.

"பெரியவர நான் தூக்குனத அவகிட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா அவ எழுதிக் குடுக்கணும். எழுதுனா ஊரு அவள வையும். எழுதாட்டி அவளுக்குத் தூக்கம் வராது. பாவம், ரெண்டுலயும் மாட்டிக்குவா. அவளுக்குத் தெரியவே வேணாம்."

"சரிங்க" என்றேன். "சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆடிக்கொண்டே இருந்தது. சத்தியம் என்றேன். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், ஊருக்கும் கேஸுக்கும் பயந்துதான் மறைத்தார் என்று நினைத்துவிட்டேனே.

பிப்ரவரி 28, வெள்ளி

போய்விட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

சேச்சி தினமும் வருகிறாள். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, நான் குடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "குழுவில போடணும் மோளே. உன் பக்கத்துக் கணக்கு. ஞான் எழுதட்டே?"

"வேணாம் சேச்சி. நானே போடறேன்."

'வெள்ளேரி. ஆண். குரங்குக் காய்ச்சல். இறப்பு: ஒன்று.' போட்டேன். வயதைப் போட மறந்துவிட்டேன் என்று யாரோ கேட்டார்கள். அதையும் போட்டேன். இதற்கு முன்னால் நான் போட்டதெல்லாம் கட்டைவிரல் குறி வாங்கும். இதற்கு ஒருத்தரும் எதுவும் போடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கொய்யா பழுத்துப் பழுத்து விழுகிறது. பெருக்கி மாளவில்லை. வீடு முழுக்க அந்த வாடை. தின்ன முடியவில்லை, வெட்டிவிடவும் மனசில்லை. கூரையில் தினமும் சத்தம் கேட்கிறது. நான் வெளியே போய்ப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

லைனில் ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. செல்லையாவுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் கெடு தாண்டிவிட்டது. பொன்னங்குழியிலும் நூலனோடு நின்றுவிட்டது. டாக்டர், "எத்தன பேரக் காப்பாத்தியிருக்கீங்க தெரியுமா சிஸ்டர்" என்றார். எனக்குத் தெரியாது. காப்பாற்றப்பட்டவர்களுக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சத்தியத்தை மீறினவள், புருஷனை வாரிக்கொடுத்தவள். சாமி குத்தம் என்கிறார்களாம். சில காலைகளில் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

மார்ச் 14, வெள்ளி

காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன். யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நிமிரவில்லை, இப்போதெல்லாம் அடிக்கடி அப்படித்தான் இருக்கிறது. செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

மாரிக்கண்ணு. மூச்சு வாங்க நின்றாள். முந்தானையை இறுக்கிச் செருகியிருந்தாள். என் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும்.

"நர்சம்மா, பம்ப் ஹவுஸ் பக்கம் ஒண்ணு விழுந்து கெடக்குது."

துடைப்பத்தைப் போட்டேன்.

"குட்டி. சின்னக் குட்டிதான். எங்க வீட்டுக்காரரு வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறாரு, ஒருத்தரையும் விடல. அந்த மலையாளத்து அம்மாவுக்கும் சொல்லிருங்க, அந்தப் பக்கத்து ஆளுங்களும் அந்த வழியாத்தான் வருவாங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "பாக்கவே பாவமா இருந்துச்சு. கண்ணு தொறந்துகிட்டு... ஆனா நாங்க யாரும் தொடல நர்சம்மா. லோகு அண்ணன் மேல ஆணையா, ஒருத்தரும் தொடல."

இவர் செத்த அன்றைக்கு நான் அழவில்லை. எரித்துவிட்டு வந்த அன்றைக்கும் அழவில்லை. அந்த ஈர முற்றத்தில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒருத்தரும் தொடவில்லை. தொட்ட ஒருத்தர் என் வீட்டில்தான் இருந்தார்.

மாரிக்கண்ணு குனிந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரிங்க. வெயில் ஏறுது, அவரு தனியா நிக்கிறாரு" என்றாள்.